லேண்ட்லைனை இணையத் தொலைபேசிக்கு மாற்றும் முன்: கரண்ட், முகவரி, பழைய எண்

கேட்கப்பட்ட கேள்வி இது: "வீட்டில் இருபத்தைந்து வருடமாக ஒரே லேண்ட்லைன் எண். இப்போது இணையம் வழியாகப் பேசும் சேவைக்கு மாறச் சொல்கிறார்கள். அதே எண்ணையும் அதே போனையும் வைத்துக்கொள்ள முடியுமா? அதிகம் பயன்படுத்துவது 78 வயது அம்மா. பகலில் தனியாக இருப்பார். எதையெல்லாம் பார்த்துவிட்டு மாற்ற வேண்டும்?"

மாற்றலாம். போன் பெரும்பாலும் அதேதான் இருக்கும், எண்ணையும் பல இடங்களில் கூடவே கொண்டுபோகலாம். சரியாக அமைத்தால் குரலும் தெளிவாகவே கேட்கும். ஆனால் பழைய லைன் இரண்டு வேலைகளை உங்களிடம் சொல்லாமலே செய்துகொண்டிருந்தது. ஒன்று, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே கொண்டுவந்தது. இன்னொன்று, நீங்கள் எந்த வீட்டில் இருந்து பேசுகிறீர்கள் என்பதைத் தன்னோடு வைத்திருந்தது. மாறிய அன்றிலிருந்து இந்த இரண்டும் உங்கள் பொறுப்பு. அம்மா தனியாக இருக்கும் வீடு என்பதால் இதைத்தான் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

பழைய தாமிர வயரில் எக்ஸ்சேஞ்சில் இருந்து எப்போதும் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் (டிசி) வந்துகொண்டே இருக்கும். அங்கே வரிசையாகப் பெரிய பேட்டரிகள் இருக்கும், அதற்குப் பின்னால் ஜெனரேட்டர். அதனால்தான் புயலடித்து ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. இணையத் தொலைபேசியில் அப்படி எதுவும் வயரில் வராது. உங்கள் குரலை வீட்டில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி எண்களாக மாற்றி, பெரும்பாலும் 20 மில்லி செகண்டுக்கு ஒரு துண்டாக, அதாவது நொடிக்கு 50 துண்டுகளாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும், ரவுட்டருக்கு வேண்டும், ஃபைபர் வந்து முடியும் பெட்டிக்கும் வேண்டும். மூன்றில் எது அணைந்தாலும் போன் செத்துவிடும். கார்ட்லெஸ் போன் என்றால் அதன் அடிப்பெட்டி நாலாவது.

எனவே முதல் செலவாக ஒரு யூபிஎஸ்ஸை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிது. மூன்று பெட்டியும் சேர்ந்து பல வீடுகளில் 15 முதல் 25 வாட் வரை இழுக்கும். அடாப்டர்களின் முதுகில் எழுதியிருப்பது உச்ச அளவு, உண்மையில் அதைவிடக் குறைவாகவே ஓடும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. 20 வாட்டுக்கு அது காகிதத்தில் நாலு மணி நேரம். ஆனால் கம்ப்யூட்டருக்கான சாதாரண யூபிஎஸ், பேட்டரி மின்சாரத்தை மாறுமின்சாரமாக (ஏசி) மாற்றித் தருகிறது, அடாப்டர் அதைத் திரும்பவும் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. இந்தப் போக்குவரத்தில் நிறைய வீணாகும். ரவுட்டருக்கென்றே வரும் சின்ன நேர்மின்சார யூபிஎஸ் இந்தச் சுற்றைத் தவிர்ப்பதால் அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும். வாங்கும்போது உங்கள் பெட்டிகள் கேட்கும் வோல்ட் 12-ஆ, 9-ஆ, 5-ஆ என்று பார்த்து, அதற்கேற்ற வெளியீடு உள்ளதாக எடுங்கள். வோல்ட் மாறிச் சொருகினால் பெட்டி போய்விடும்.

வீட்டுக்குள் பேட்டரி வைத்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அது உங்கள் இணையம் எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது. வீட்டுவரை ஃபைபர் என்றால் நடுவழியில் பெரும்பாலும் மின்சாரம் தேவைப்படாத கண்ணாடிப் பிரிப்பான்கள்தான் இருக்கும். நிலையமும் உங்கள் வீடும் உயிரோடு இருந்தால் லைனும் உயிரோடு இருக்கும். கேபிள் டிவி வயர் வழியாகவோ, தெருமுனைப் பெட்டியில் இருந்து தாமிர வயர் வழியாகவோ வரும் இணையத்தில் வழியிலேயே மின்சாரம் தின்னும் கருவிகள் இருக்கின்றன. தெருவுக்குக் கரண்ட் போய், அங்கே இருக்கும் பேட்டரியும் தீர்ந்தால் உங்கள் யூபிஎஸ் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. அந்த வகை வீடுகளில் அம்மா கையில் சார்ஜ் ஏறிய ஒரு எளிய பட்டன் மொபைலும் இருந்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால், எந்த வகை வீட்டிலும் இருக்கட்டும்.

அடுத்தது முகவரி. பழைய லைனில் இருந்து அவசர உதவி எண்ணை அழைத்தால், அந்த வயர் எந்த வீட்டில் முடிகிறது என்பது தொலைபேசி நிறுவனத்தின் பதிவில் இருக்கும். பேச முடியாமல் விழுந்து கிடந்தாலும் வண்டி வீட்டு வாசலுக்கு வர அதனால் முடிந்தது. இணையத் தொலைபேசிப் பெட்டியை நீங்கள் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சொருகினாலும் அதே எண்ணில் மணி அடிக்கும். வசதிதான், ஆனால் அதனாலேயே நீங்கள் இருக்கும் இடம் அதற்குத் தானாகத் தெரியாது. நீங்கள் பதிவு செய்த முகவரிதான் போகும். சேவை எடுக்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: அவசர எண்ணுக்கு இதிலிருந்து அழைப்பு போகுமா? எந்த முகவரியைக் காட்டும்? அதை நானே எங்கே மாற்றிக்கொள்வது? முதல் கேள்விக்கே பதில் குழப்பமாக வந்தால், அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்கு அந்தச் சேவை வேண்டாம்.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 டிசம்பருக்குள் நிறுத்துவதாக இருந்தார்கள். கழுத்தில் அவசரப் பொத்தான் மாட்டியிருக்கும் முதியவர்களின் வீடுகளில் மாற்றத்துக்குப் பிறகு அந்தப் பொத்தான் வேலை செய்யாத சம்பவங்கள் நடந்தன. அவர்களைப் பாதுகாப்பாக மாற்ற அவகாசம் வேண்டும் என்று கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். ஒரு நாடே நின்று யோசித்த இடம் இது. உங்கள் அம்மாவுக்கும் அப்படியொரு பொத்தான் இருந்தால், தொலைபேசி நிறுவனம் சொல்லும் உறுதியை மட்டும் நம்பாதீர்கள். பொத்தானைத் தந்தவர்களை அழைத்து, "லைனை இணையத்துக்கு மாற்றுகிறோம், இந்தக் கருவி அதில் வேலை செய்யுமா, மொபைல் சிம் போட்ட கருவி இருக்கிறதா?" என்று கேளுங்கள். சிம் உள்ள கருவி இருந்தால் அதையே எடுங்கள். திருட்டு எச்சரிக்கை அலாரம் லைனில் தொங்கிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். அவை பேசுவது டோன்களில், அந்த டோன்கள் துண்டு துண்டாகப் போய்ச் சேரும்போது சிதையலாம்.

இனி எண். இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: புதிய இணைப்பு வந்த சந்தோஷத்தில் பழைய லைனை முதலில் ரத்து செய்துவிடுவது. ரத்தான எண்ணைப் பல இடங்களில் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. அது திரும்பப் பொதுக் குவியலுக்குப் போய்விடும், பிறகு கெஞ்சினாலும் கிடைப்பது அரிது. பழையது உயிரோடு இருக்கும்போதே, புதிய நிறுவனத்திடம் எண் மாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எண் நகர்ந்ததும் பழைய லைன் வழக்கமாகத் தானே முடிந்துவிடும். விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயரும் முகவரியும் ஒத்துப்போகாததுதான். இருபத்தைந்து வருட லைன் என்றால் அது அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கக்கூடும், முதலெழுத்து வேறு மாதிரி இருக்கும், வீட்டு எண் பழைய எண்ணாக இருக்கும். கடைசியாக வந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அதில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் நிரப்புங்கள். பெயர் மாற்றம் தேவைப்பட்டால் அதை முதலில் முடியுங்கள்.

சில நாடுகளில் லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக விதியே இல்லை. அப்படியானால் பழைய லைனில் வரும் அழைப்புகளைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிட்டு, சில மாதங்கள் இரண்டையும் வைத்திருங்கள். அந்த மாதங்களில் யார் யார் பழைய எண்ணுக்கு அழைக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால், சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் தானாகத் தயாராகும். வங்கி, காப்பீடு, மருத்துவமனைக் கோப்பு ஆகியவற்றில் இருக்கும் எண்ணையும் மறக்காதீர்கள். இணையத் தொலைபேசி எண்ணைச் சரிபார்ப்புக்கு ஏற்காத சேவைகளும் உண்டு.

எண் விஷயத்தோடு ஒட்டிய ஒரு பொறி. உங்கள் பிராட்பேண்ட் இப்போது எந்த வயரில் வருகிறது? அதே தொலைபேசி வயரில்தான் என்றால், எண் நகர்ந்து பழைய லைன் முடியும் கணத்தில் இணையமும் முடிந்துவிடலாம். இணையத் தொலைபேசிக்கு மாறிவிட்டு இணையம் இல்லாமல் உட்கார வேண்டிவரும். ஃபைபர் வந்து, ஓடி, ஒரு வாரம் நிலைத்த பிறகே எண் மாற்றத்துக்கு எழுதுங்கள்.

சேவையில் இரண்டு வகை உண்டு. பிராட்பேண்ட் நிறுவனமே ரவுட்டரில் போன் சாக்கெட் வைத்துத் தருவது ஒன்று. பேச்சுக்கு அவர்கள் தங்கள் வலையமைப்பில் முன்னுரிமை கொடுக்க முடியும், பழுது வந்தால் ஒரே இடத்தில் முறையிடலாம். ஆனால் நாளை பிராட்பேண்டை மாற்றினால் போனும் சேர்ந்து ஆட்டம் காணும். இன்னொன்று, தனி இணையத் தொலைபேசி நிறுவனத்திடம் கணக்கு எடுத்து, சொந்தமாக ஒரு ஏடிஏ வாங்கி மாட்டுவது. ஏடிஏ என்பது பழைய போனை இணையத்தோடு பேசவைக்கும் அடாப்டர், உள்ளங்கை அளவுதான் இருக்கும். எந்த இணையத்துக்கு மாறினாலும் போன் அப்படியே இருக்கும், வசதிகளும் அதிகம். பழுது வந்தால் மட்டும் இரண்டு நிறுவனமும் ஒருவரை ஒருவர் கை காட்டும். வீட்டில் இதை நோண்டத் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இல்லை என்றால் முதல் வகையை எடுங்கள். நான் என் வீட்டில் வைத்திருப்பது இரண்டாவது, அம்மா அப்பா வீட்டில் மாட்டியது முதலாவது.

"எங்கள் இணையம் வேகமானது, குரல் நன்றாகத்தானே இருக்கும்?" என்று பலர் கேட்கிறார்கள். பேச்சுக்கு வேகம் தேவையே இல்லை. ஜி.711 என்ற வழக்கமான முறையில் ஒரு அழைப்புக்கு ஒரு திசைக்கு நொடிக்கு 80 முதல் 90 கிலோபிட் போதும். சுருக்கி அனுப்பும் ஜி.729 முறைக்கு ஏறக்குறைய 30. தேவைப்படுவது ஒழுங்கு. துண்டுகள் சீரான இடைவெளியில், தொலையாமல், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். ஒரு திசைக்கு 150 மில்லி செகண்டுக்குள் போனால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "இல்ல, நீ சொல்லு" என்று தடுமாறுவார்கள்.

நான் முதலில் மாட்டியபோது எல்லாம் சரியாக இருந்தது. மாலை ஏழு மணிக்கு மேல் மட்டும் என் குரல் எதிர்முனையில் வெட்டி வெட்டிக் கேட்டது. அவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகவே வந்தது. நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் பார்த்தேன், வீட்டில் எல்லோரும் திரும்பி வந்து வைஃபையில் சேர்ந்ததும் மொபைல்கள் அன்றைய போட்டோக்களையும் வீடியோக்களையும் மேலே ஏற்ற ஆரம்பிக்கின்றன. இணைப்பின் ஏற்றும் பக்கம் நிரம்பி, ரவுட்டரின் வாசலில் என் குரல் துண்டுகள் வீடியோக்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. ரவுட்டரில் முன்னுரிமை அமைப்பைத் திறந்து, அடாப்டரை முதலிடத்தில் வைத்து, மொத்த ஏற்றும் வேகத்தை உண்மை அளவில் 90 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தியதும் அன்றைக்கே சரியாகிவிட்டது. உங்கள் குரல் மட்டும் உடைந்தால் ஏற்றும் பக்கத்தையும், அவர்கள் குரல் மட்டும் உடைந்தால் இறங்கும் பக்கத்தையும் சந்தேகப்படுங்கள். அடாப்டரை வைஃபையில் விடாமல் ரவுட்டரோடு வயரில் இணைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை பிறக்கவே பிறக்காது.

ஒருவர் பேசுவது மட்டும் கேட்கிறது, மணி அடிக்கிறது ஆனால் எடுத்தால் நிசப்தம், சரியாகச் சில நிமிடத்தில் அழைப்பு அறுந்துவிடுகிறது: இப்படி வந்தால் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி (SIP ALG) என்ற, இணைய அழைப்புகளுக்கு வழிவிடும் அமைப்பைத் தேடி அணைத்துப் பாருங்கள். உதவி செய்வதற்காக வைக்கப்பட்டது, ஆனால் பல ரவுட்டர்களில் அது அழைப்புத் தகவலைத் தவறாகத் திருத்திக் கெடுத்துவிடுகிறது.

எல்லா அறையிலும் இருக்கும் பழைய போன் சாக்கெட்டுகளிலும் மணி அடிக்க வேண்டும் என்றால், அடாப்டரில் இருந்து ஒரு வயரைப் பக்கத்துச் சுவர் சாக்கெட்டில் சொருகினாலே போதும், வீட்டுக்குள் ஓடும் பழைய வயரிங் முழுக்க உயிர் பெறும். ஆனால் அதற்கு முன், வெளியில் இருந்து வரும் லைன் வீட்டு வயரிங்கோடு சேரும் இடத்தில் அதைக் கழற்றியாக வேண்டும். நான் இதைப் படித்திருந்தும், "லைன்தான் செத்துவிட்டதே" என்ற தைரியத்தில் அப்படியே சொருகினேன். லைன் சாகவில்லை, எண் போயிருந்தது, வோல்ட் போகவில்லை. அடாப்டரில் போன் சாக்கெட்டுக்கு மேலே இருந்த பச்சை விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது, அந்த சாக்கெட் பிறகு எழவே இல்லை. மணி அடிக்கும்போது அந்த வயரில் 70 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்சாரம் ஓடும், கைபட்டால் சுள்ளென்று இழுக்கும். வாசல் பெட்டியில் வெளி வயர் இரண்டையும் கழற்றி, நுனிகளைத் தனித்தனியாக டேப் சுற்றி, "இணைக்காதே" என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள். என்றாவது யாராவது நல்லெண்ணத்தில் திரும்ப மாட்டிவிடுவார்கள். ஒரு அடாப்டரால் மணியடிக்க முடியும் போன்களுக்கும் எல்லை உண்டு. பழைய காலத்துக் கனமான மணி வைத்த போன்கள் மூன்று நாலு இருந்தால் சில அடிக்காமல் போகலாம்.

விரலை விட்டுச் சுழற்றும் டயல் போன் வைத்திருக்கிறீர்களா? பேசலாம், மணி அடிக்கும், ஆனால் பல அடாப்டர்களுக்கு அந்தச் சுழற்சித் துடிப்பு புரியாது. துடிப்பை ஏற்கும் அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். ஃபேக்ஸ் தேவை இருந்தால் டி.38 என்ற முறையைச் சேவை நிறுவனமும் அடாப்டரும் இரண்டுமே ஆதரிக்கின்றனவா என்று பாருங்கள், வேகத்தை 9600-க்குக் குறையுங்கள். அப்படியும் நம்பகம் குறைவுதான்.

இன்னொன்று, அம்மாவைப் பயமுறுத்தக்கூடியது. நடு ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடிக்கும். எடுத்தால் யாரும் இல்லை. திரையில் 100, 1000 என்று ஏதோ விசித்திரமான எண். பேயும் இல்லை, தெரிந்தவர்களின் குறும்பும் இல்லை. இணையத்தில் திறந்து கிடக்கும் தொலைபேசிக் கருவிகளைத் தேடி அலையும் நிரல்கள், 5060 என்ற இணைய வாசலை (போர்ட்) தட்டிப் பார்க்கின்றன. உங்கள் அடாப்டர் அதை அழைப்பு என்று நினைத்து மணியடிக்கிறது. அடாப்டர் அமைப்பில், உங்கள் சேவை நிறுவனத்தின் சர்வரில் இருந்து வரும் அழைப்புகளை மட்டும் ஏற்கும்படி மாற்றினால் நின்றுவிடும். ரவுட்டரில் அந்த வாசலை வெளியே திறந்துவைக்கச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள். அடாப்டரோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். கணக்கைத் திருடுபவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டணம் அதிகமான வெளிநாட்டு எண்களுக்கு அழைத்துத் தள்ளுவார்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் கணக்கிலேயே பூட்டிவிடுங்கள், தேவை என்றால் ஒரு உச்சவரம்பு வையுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு மாலை நேரத்தைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். மொபைலில் ஒரு பெரிய வீடியோவை ஏற்றவிட்டுக்கொண்டே லேண்ட்லைனில் பத்து நிமிடம் யாரிடமாவது பேசுங்கள். வங்கியின் தானியங்கி எண்ணை அழைத்து, "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்பதற்கு அழுத்திப் பாருங்கள். டோன் சரியாகப் போகவில்லை என்றால் அங்கேதான் தெரியும். வெளியில் இருந்து அழைத்து எல்லா அறையிலும் மணி கேட்கிறதா பாருங்கள். அவசர எண்ணைச் சோதனைக்காக அழைக்காதீர்கள், சேவை நிறுவனத்திடம் அதற்கான சோதனை வழி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிச் சோதனையில் அம்மாவும் இருக்கட்டும். யூபிஎஸ் முழுதாக சார்ஜ் ஏறியபின் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். விளக்கு, ஃபேன் எல்லாம் நிற்கும். ரவுட்டரின் விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ரிசீவரை அம்மா கையிலேயே கொடுத்து உங்கள் மொபைலுக்கு அழைக்கச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் மெயினைப் போடாமல் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை டயல் டோன் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் தாங்கியதோ, அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதி, பக்கத்திலேயே உங்கள் மொபைல் எண்ணையும் எழுதி, போனுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். பேட்டரி வருடத்துக்கு வருடம் தேயும் என்பதால், தேதியையும் கூடவே எழுதி, அடுத்த வருடம் அதே தேதியில் மீண்டும் மெயினை அணைத்துப் பாருங்கள்.